பூமியை எடைபோட்ட மலை

பூமியின் நிறை எவ்வளவு? மேல்நிலை வகுப்பு மாணவர் எவரும் தயங்காமல் விடை கூறுவார்: 6 என்ற எண்ணை எழுதி அதன் பின் 24 சுழிகளை இட்டால், ஏறத்தாழ அத்தனை கிலோகிராம். அதைக் கண்டவர் யார்? 1798இல் ஹென்றி கவண்டிஷ். பல ஆண்டுகளாக இயற்பியல் வகுப்பில் நானும் இப்படித்தான் கூறி வந்தேன். ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், கவண்டிஷ் சொன்ன விடை சரி என்று அன்றைக்கு எப்படித் தெரிந்தது? ஒப்பிட்டுப் பார்க்க வேறு விடை ஏதாவது இருந்ததா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அந்த "நாளை" வர மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களும் என்னை ஸ்காட்லாந்து நாட்டின் ஒரு சிற்றூருக்கு இழுத்துச் சென்றன.

நான் அங்கு நேரில் போனவன் அல்லன். ஒரு நிலப்படம், சில ஒளிப்படங்கள், 1775லும் 1778லும் லண்டன் ராயல் கழகம் வெளியிட்ட இரண்டு நீண்ட கட்டுரைகள், இவையே என் வாகனங்கள். உங்களுக்கும் இவை போதும். வாருங்கள், புறப்படுவோம்.

அபர்ஃபெல்டி என்பது ஊரின் பெயர். எடின்பரோவிலிருந்து வடமேற்கே சாலைவழியாகச் சுமார் 120 கி.மீ. மக்கள்தொகை இரண்டாயிரம் அளவில்தான். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம். அங்கே அது நகரம். அதன் ஓரமாக ஓடுவது டே ஆறு. ஏறத்தாழ 190 கி.மீ. நீளமுள்ள இதுவே ஸ்காட்லாந்தின் மிக நீண்ட ஆறு. நம் காவிரியில் கால் பங்கு நீளங்கூட இல்லையே என்று எண்ண வேண்டாம். பிரிட்டன் முழுவதிலும் கடலில் அதிகமாக நீரைக் கொண்டு சேர்க்கும் ஆறு இதுதான்.

ஆற்றின் மேல் ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலம் ஒன்று நிற்கிறது. 1733இல் கட்டப்பட்டது, இன்றும் அதன் மேல் வண்டிகள் ஓடுகின்றன. கட்டுவித்தவர் ஜார்ஜ் வேட் என்ற படைத்தளபதி; வரைந்து கொடுத்தவர் வில்லியம் ஆடம் என்ற கட்டடக்கலைஞர். ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்கள் லண்டன் அரசுக்கு எதிராக அடிக்கடி கிளர்ந்து எழுந்த காலம் அது. பாதையே இல்லாத மலைகளுக்குள் படைகளை விரைந்து அனுப்பவேண்டி, வேட் ஏறத்தாழ 400 கி.மீ. சாலைகளையும் சுமார் 40 பாலங்களையும் அமைத்தார். வேடிக்கை என்னவென்றால், 1745இல் பெருங்கிளர்ச்சி மூண்டபோது அந்தச் சாலைகளை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கிளர்ச்சிக்காரர்களே!

பாலத்தருகே 1887இல் எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. "கறுப்புக் காவல்" என்று பெயர்பெற்ற மலைநாட்டுப் படைப்பிரிவு 1740இல் இவ்வாற்றங்கரையில்தான் முதன்முதலாக அணிவகுத்து நின்றது. அப்படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம் பின்னர் நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டு, 1783இல் மங்களூர்க் கோட்டைக்குள் இருந்துகொண்டு திப்புவின் முற்றுகையைத் தாங்கியது.

ஆற்றைக் கடந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் ஒரு பழைய கற்கோட்டை வீடு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மென்சீஸ் குலத்தாருடையது. எழுதுவதுதான் மென்சீஸ்; அவ்வூரார் வாயில் அது "மிங்கிஸ்" என்று வரும். நமக்கு அழுந்தூர் ஆழ்வார்திருநகரி என்றெல்லாம் எழுதி ஏதோ ஒன்றாக உச்சரிக்கும் பழக்கம் இருப்பதால் இதில் வியப்பில்லை. 1746இல் கிளர்ச்சியின் தலைவனான இளவரசன் சார்லஸ், கல்லோடன் போர்க்களத்தில் தோற்பதற்குச் சில வாரங்களுக்கு முன், இரண்டு இரவுகள் இங்கே தங்கினான். நூறு ஆண்டுகளுக்குப் பின் இன்னோர் இளவரசர் இதே வீட்டில் குடியிருந்தார். பஞ்சாபின் கடைசிச் சீக்கிய மன்னர் துலீப் சிங்! பதினொரு வயது நிறையுமுன் 1849இல் அரசை இழந்தவர். 1854இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். 1855 முதல் 1858 வரை இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். பறிகொடுத்த முடியை எண்ணிக்கொண்டு இம்மழை நாட்டில் அவர் எவ்வாறு பொழுது போக்கினாரோ!

ஊருக்குத் தெற்கே பிர்ச் மரங்கள் அடர்ந்த ஒரு குறுகிய பள்ளத்தாக்கும் அதன் மேல்முனையில் மோனஸ் அருவியும் உள்ளன. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1787இல் இங்கே வந்து பாட்டெழுதியதால் அந்தச் சோலைக்கு உலகப் புகழ் கிட்டியது. அருவியைப் பார்க்க வேண்டுமானால் மழைக்குப் பின் போவது நல்லது. அங்கே அதற்காக நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மரம் சொல்லாத வயது

மேற்கே 13 கி.மீ. தொலைவில் ஃபோர்டிங்கல் என்னும் சிற்றூர். அங்குள்ள தேவாலய முற்றத்தில் கற்சுவருக்குள் ஒரு யூ மரம் நிற்கிறது. ஒரு மரம் என்று சொன்னால் பார்ப்பவர் நம்ப மாட்டார். தனித்தனியாகச் சில மரங்கள் வட்டமாக நிற்பது போலத் தோன்றும். நடுமரம் முழுவதும் உளுத்துப் போய், வெளிப்பட்டையின் துண்டுகள் மட்டும் தனித்தனியே வளர்கின்றன. 1769இல் டெயின்ஸ் பாரிங்டன் என்ற வழக்கறிஞர் இதன் சுற்றளவை அளந்து 52 அடி என்று எழுதினார். அதாவது கிட்டத்தட்ட 16 மீட்டர். அக்காலத்தில் பிளவுபட்ட அடிமரத்தின் நடுவே பிண ஊர்வலங்கள் புகுந்து செல்வதுண்டாம்.

இதன் வயது என்ன? இரண்டாயிரம் என்பார், மூவாயிரம் என்பார், ஐயாயிரம் என்போரும் உண்டு. மரத்தின் வயதை அறிய வளையங்களை எண்ண வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எண்ண வேண்டிய நடுப்பகுதியே இங்கு இல்லை! எனவே சுற்றளவைக் கொண்டு ஊகிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஊகத்துக்கு எல்லை ஏது? இத்தனை வயதான மரம் 2015இல் தாவரவியலாரைத் திடுக்கிட வைத்தது. யூ மரத்தில் ஆண், பெண் தனித்தனி. இது காலங்காலமாக ஆண் மரம். ஆனால் அந்த ஆண்டு உச்சியிலிருந்த ஒரு சிறு கிளையில் மட்டும் மூன்று சிவந்த பழங்கள் காணப்பட்டன. அந்தக் கிளை மட்டும் பெண்ணாக மாறிவிட்டது!

பாரிங்டன் என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வருவார்.

அருகே டே ஏரி. 23 கி.மீ. நீளம், ஆழமான இடங்களில் 150 மீட்டருக்கும் மேல். இரும்புக் காலத்து மக்கள் இதன் ஓரங்களில் நீருக்குள் மரத்தூண்களை அடித்து, அவற்றின் மேல் வட்ட வடிவ வீடுகள் கட்டி வாழ்ந்தனர். 1980 முதல் மூழ்கு ஆய்வாளர்கள் நீருக்கடியில் தோண்டியபோது, ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட தூண்கள், உழுகருவி, துணித்துண்டு ஆகியவற்றோடு வெண்ணெயின் எச்சம் ஒட்டிய மரப்பாத்திரம் ஒன்றும் கிடைத்தது. குளிர்ந்த நீரும் உயிர்வளிக் குறைவும் செய்த பாதுகாப்பு இது. பார்வையாளருக்காகக் கட்டியிருந்த மாதிரி வீடு 2021 ஜூனில் தீயில் எரிந்து போயிற்று. ஏரியின் மறுகரையில் புதிய இடத்தில் அருங்காட்சியகம் 2024இல் திறக்கப்பட்டது.

இனி வடமேற்கே திரும்புவோம். நாம் வந்த காரியம் அங்கேதான் இருக்கிறது.

மலையும் தூக்குக்குண்டும்

வேட் அமைத்த சாலை ஆற்றைத் தாண்டி வடக்கே செல்கிறது. அதன் மேற்கே ஒற்றையாக எழுந்து நிற்கும் மலை ஷிஹேலியன். "கலிடோனியரின் தேவதை மலை" என்பது அம்மக்களின் கேலிக் மொழியில் அதன் பொருள். உயரம் 1,083 மீட்டர். நம் ஏற்காட்டைவிடத் தாழ்ந்ததுதான். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கூம்பு போலத் தோன்றும். மேலிருந்து பார்த்தால் கிழக்கு மேற்காக நீண்ட முகடு. வடக்கும் தெற்கும் செங்குத்தான சரிவுகள். பக்கத்தில் வேறு பெரிய மலை இல்லை. இந்த வடிவமும் தனிமையும்தான் இதனை அறிவியல் வரலாற்றில் ஏற்றின.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். நூல் பூமியின் நடுவை நோக்கி நிற்கிறது. எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் ஈர்க்கிறது என்று நியூட்டன் சொன்னது உண்மையானால், பக்கத்தில் ஒரு மலை இருந்தால் அதுவும் குண்டைத் தன் பக்கம் சிறிது இழுக்க வேண்டும் அல்லவா? மலையின் பருமனையும் கல்லின் அடர்த்தியையும் நாம் அளந்துகொள்ளலாம். மலை இழுக்கும் இழுப்பு பூமியின் இழுப்பில் எத்தனையில் ஒரு பங்கு என்று தெரிந்தால், பூமியின் அடர்த்தி தானே வந்துவிடும். தராசின் ஒரு தட்டில் மலை, மறு தட்டில் பூமி!

நியூட்டனே இதைக் கணக்கிட்டுப் பார்த்து, மலையால் வரும் சாய்வு அளக்க இயலாத அளவு சிறியது என்று கைவிட்டார். பூமியின் அடர்த்தி நீரைப் போல் ஐந்து அல்லது ஆறு மடங்கு இருக்கலாம் என்று மட்டும் ஊகித்தார். அந்த ஊகம் எவ்வளவு கூர்மையானது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம். 1738இல் தென் அமெரிக்காவின் சிம்பரேசோ மலையில் பிரெஞ்சு அறிஞர் புகேர் துணிந்து முயன்றார். பனியிலும் புயற்காற்றிலும் எடுத்த அளவுகளில் அவருக்கே முழு நம்பிக்கை பிறக்கவில்லை. குண்டு சாய்ந்தது என்பது மட்டும் தெரிந்தது. பூமி உள்ளே கூடாக இருக்கலாம் என்று 1692இல் ஹாலி கூறியிருந்தார். அது அப்படியில்லை என்றாவது இச்சோதனை காட்டுகிறது என்று புகேர் எழுதினார்.

1772இல் கிரீனிச் வானாய்வகத்தின் தலைவரான அரச வானியலர் நெவில் மாஸ்கெலின், இந்தச் சோதனையைப் பிரிட்டனிலேயே செய்யலாம் என்று ராயல் கழகத்தில் எடுத்துரைத்தார். கழகம் ஒரு குழு அமைத்தது. அதில் கவண்டிஷ் இருந்தார். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்தார். யூ மரத்தை அளந்த நம் பாரிங்டனும் இருந்தார். 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்ததை ஆராய மன்னர் மூன்றாம் ஜார்ஜ் கொடுத்த பணத்தில் மிச்சம் இருந்தது; அதை இதற்குப் பயன்படுத்த அவர் இசைந்தார். மலை தேட, அமெரிக்காவில் எல்லைக்கோடு அளந்து புகழ்பெற்ற சார்லஸ் மேசன் 1773இல் அனுப்பப்பட்டார். மலைநாடெல்லாம் அலைந்து ஷிஹேலியனைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதன்மேல் உட்கார்ந்து அளக்கும் வேலைக்கு அளிக்க முன்வந்த கூலி போதாது என்று ஒதுங்கிவிட்டார். கடைசியில் மாஸ்கெலினே மன்னரின் அனுமதி பெற்றுப் புறப்பட்டார்.

சோதனையின் நுட்பத்தை இங்கே சற்று நின்று புரிந்துகொள்வோம். குண்டு சாய்ந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? நேர்க்குத்து எது என்று காட்டும் கருவியே தூக்குக்குண்டுதான், அதுவே சாய்ந்தால்? இங்கேதான் விண்மீன்கள் துணைக்கு வருகின்றன. அவை மலைக்கு அசையமாட்டா. ஓர் இடத்தில் தலைக்கு நேர்மேலே உள்ள புள்ளியிலிருந்து ஒரு விண்மீன் எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளந்தால் அவ்விடத்தின் அட்சரேகை தெரியும். மலையின் தெற்குச் சரிவில் ஓரிடம், வடக்குச் சரிவில் ஓரிடம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தரையில் அளந்து, அதிலிருந்து அட்சரேகை வேறுபாட்டைக் கணக்கிடலாம். அதே வேறுபாட்டை விண்மீன்களைக் கொண்டும் அளக்கலாம். தெற்கே குண்டு வடக்குப் பக்கம் இழுபடும். வடக்கே தெற்குப் பக்கம் இழுபடும். ஆகவே இரண்டு இடங்களின் உச்சிப் புள்ளிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். விண்மீன்கள் காட்டும் வேறுபாடு தரை காட்டுவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிது என்பதுதான் மலையின் இழுப்பு.

1774 கோடையில் மாஸ்கெலின் மலையை அடைந்தார். மூன்று மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கிக் கருவியை மலையின் நடு உயரம் வரை ஏற்ற வேண்டியிருந்தது. கிளர்ச்சியை அடக்கப் போட்ட சாலையே மலைக்கு அருகில் வரை இத்தகைய பாரங்களுக்கு வழியாயிற்று. அதற்கு மேல் மனிதர்களின் தோள்கள்தாம். தெற்குச் சரிவில் கருவிக்கு ஒரு கூடாரமும் தமக்கு ஒரு குடிசையும் அமைத்துக்கொண்டார். பிறகு காத்திருந்தார். மழை, மூடுபனி, மேகம், மறுபடி மழை. வானம் திறந்த நேரங்களில் மட்டும் அளவு. கருவியின் சொந்தப் பிழை நீங்க, ஒரு முறை கிழக்கு முகமாகவும் மறுமுறை மேற்கு முகமாகவும் திருப்பி வைத்து அளந்தார். பின்னர் அத்தனையையும் பிரித்து, முகட்டைத் தாண்டி, வடக்குச் சரிவில் மீண்டும் நிறுவினார். அக்டோபர் இறுதி வரை நான்கு மாதங்கள், 43 விண்மீன்கள், 337 அளவுகள். கிரீனிச்சில் வசதியாக இருந்திருக்க வேண்டிய மனிதர்!

கிடைத்தது என்ன? தரையளவின்படி இரண்டு இடங்களின் அட்சரேகை வேறுபாடு 42.9 கோண விநாடி. விண்மீன்களின்படி 54.6. மிகுதி 11.6 கோண விநாடி. ஒரு கோண விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது போன்றது. ஒவ்வொரு பக்கமும் பாதி, அதாவது 5.8 விநாடி. மூன்று மீட்டர் நூலில் தொங்கும் குண்டு இதனால் எவ்வளவு நகரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் கனம்! வேறுவிதமாகச் சொன்னால், அம்மலையின் பக்கவாட்டு இழுப்பு பூமியின் இழுப்பில் சுமார் 35,000இல் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை அந்தச் சரிவில் மலை இழுக்கும் விசை, ஒன்றே முக்கால் கிராம் எடைக்குச் சமம். கோள்களுக்கு மட்டுமன்றிக் கண்முன் நிற்கும் கல்லுக்கும் மண்ணுக்கும் ஈர்ப்பு உண்டு என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

வேலை முடிந்த மகிழ்ச்சியில் மலைமேல் ஒரு விருந்து நடந்ததாம். மதுவும் பாட்டும் மிகுந்து, குடிசையில் தீப்பிடித்து, உள்ளூர்ப் பையன் டங்கன் ராபர்ட்சனின் பிடிலும் அதில் எரிந்துபோயிற்று. மாஸ்கெலின் வருந்தி, லண்டன் சேர்ந்தபின் புதிய பிடில் ஒன்று வாங்கி அனுப்பினார். அந்தப் பிடிலைப் புகழ்ந்து கேலிக் மொழியில் ஒரு பாட்டே உண்டாயிற்று என்று அப்பகுதியினர் கதை சொல்வார்கள். எந்த அளவுக்கு உண்மையோ, நான்கு மாத மழையில் நனைந்தவர்களுக்கு இந்தத் தீ வேண்டியதுதான்!

பெயர் மறைந்தவர்கள்

விண்மீனை அளந்ததோடு வேலை முடியவில்லை. மலை எவ்வளவு பருமன், அதன் எந்தப் பகுதி குண்டிலிருந்து எவ்வளவு தூரம்? இது தெரியாமல் கணக்கு நகராது. மலையைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் திசையையும் உயரத்தையும் அளந்தவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் மென்சீஸ் என்ற உள்ளூர் நில அளவையாளர். மற்றவர் ரூபன் பர்ரோ. வடஇங்கிலாந்தில் ஒரு சிறு விவசாயியின் மகன், முன்பு கிரீனிச்சில் மாஸ்கெலினின் உதவியாளராக இருந்தவர். மழையில் மாஸ்கெலின் குடிசைக்குள் காத்திருக்கலாம். இவர்கள் சங்கிலியையும் கோணமானியையும் தூக்கிக்கொண்டு சரிவுகளில் ஏறி இறங்க வேண்டும். 1775இல் ராயல் கழகத்தின் உயரிய காப்லி பதக்கம் மாஸ்கெலினுக்குக் கிடைத்தது. பர்ரோவுக்குக் கிடைத்தது மனக்கசப்பு. தன் நாட்குறிப்பில் அவர் மாஸ்கெலினைத் திட்டித் தீர்த்திருக்கிறார். பர்ரோ எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர் என்பதும் உண்மை. ஆயினும் அந்த அளவுகள் இல்லாமல் 11.6 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அளவுகள் எல்லாம் குவிந்து கிடந்தன. அவற்றைக் கணக்காக மாற்றியவர் சார்லஸ் ஹட்டன். நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் தாமே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்து, பின்னர்ப் பள்ளி ஆசிரியராகி, ஊல்விச் படைக்கல்லூரியின் கணிதப் பேராசிரியராக உயர்ந்தவர். அவர் மலையையும் சுற்றுப்புறத்தையும் ஏறத்தாழ ஆயிரம் செங்குத்துத் தூண்களாக மனத்தால் வெட்டினார். ஒவ்வொரு தூணும் குண்டை எவ்வளவு இழுக்கும் என்று தனித்தனியே கணக்கிட வேண்டும். கணினி இல்லை, மடக்கை அட்டவணையும் இறகுப் பேனாவும்தான்.

நிலப்படம் முழுவதும் உயர எண்கள் இறைந்து கிடந்ததில் ஹட்டனுக்குத் தலை சுற்றியது. ஒரு வழி தோன்றியது. ஒரே உயரமுள்ள புள்ளிகளை எல்லாம் மெல்லிய பென்சில் கோட்டால் இணைத்தார். உடனே மலையின் உருவம் தாளில் எழுந்து நின்றது! இன்று நீங்கள் புவியியல் தேர்வில் வரையும் சம உயரக் கோடுகளை நிலப்பரப்பின் உயரங்களுக்கு நன்கு பயன்படுத்திக் காட்டிய பெருமை இந்தக் கணக்குக்கு உண்டு. கடலடி ஆழங்களுக்கு இத்தகைய கோடுகள் முன்பே வரையப்பட்டிருந்தன. ஆனால் மலை உயரங்களுக்கு அவை எவ்வளவு உதவும் என்பது ஷிஹேலியனில்தான் தெளிவாயிற்று.

1778இல் விடை வந்தது. பூமி முழுவதும் ஷிஹேலியன் கல்லாலேயே ஆகியிருந்தால் பூமியின் இழுப்பு மலையின் இழுப்பைப் போல் 9,933 மடங்கு இருக்க வேண்டும். அளந்தபோது வந்ததோ 17,804 மடங்கு. ஆகப் பூமியின் சராசரி அடர்த்தி மலையின் அடர்த்தியைப் போல் ஐந்தில் ஒன்பது பங்கு, அதாவது 1.8 மடங்கு. கல் நீரைப் போல் இரண்டரை மடங்கு அடர்த்தி உடையது என்று கொண்டால், பூமி நான்கரை மடங்கு. மேலே இருப்பதெல்லாம் கல்லாயிருக்க, சராசரி கல்லைவிட இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்றால் உள்ளே மிகக் கனமான ஒன்று இருந்தாக வேண்டும். அது உலோகமாகத்தான் இருக்கும் என்றார் ஹட்டன். பூமிக்குள் ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல், ஒரு மழை மலையின் சரிவிலிருந்துகொண்டு அதன் நடுவை எட்டிப் பார்த்தாகிவிட்டது. சூரியன், சந்திரன், கோள்கள் ஆகியவற்றின் அடர்த்திகள் அதுவரை பூமியோடு ஒப்பிட்ட விகிதங்களாகவே தெரிந்திருந்தன. பூமியின் எண் கிடைத்ததும் அத்தனைக்கும் எண்கள் கிடைத்தன.

இன்றைய மதிப்பு 5.51. ஹட்டனின் விடை அதைவிட நூற்றுக்குப் பதினெட்டுக் குறைவு. குற்றம் எங்கே? பெரும்பகுதி கல்லில்தான். இரண்டரை என்பது பொதுவான ஊகம். ஜான் பிளேஃபேர் 1801இல் மலையின் கற்களை நேரில் ஆராய்ந்து அடர்த்தியைச் சரியாக அளந்தார். 1811இல் அவர் வெளியிட்ட திருத்தம் விடையை 4.56க்கும் 4.87க்கும் இடையே உயர்த்தியது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கணினியில் ஏற்றிய நிலவடிவத்தைக் கொண்டு மாஸ்கெலினின் பழைய அளவுகளையே மறுபடி கணக்கிட்டது. வந்த விடை 5.48! மழையில் நனைந்துகொண்டு எடுத்த அந்த 337 அளவுகள் எவ்வளவு நேர்த்தியானவை என்பதற்கு வேறு நற்சான்று வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஆறு என்ற நியூட்டனின் ஊகத்தையும் இப்போது நினைத்துப் பாருங்கள்.

பர்ரோ என்ன ஆனார்? 1782இல் கப்பலேறி வங்காளத்துக்கு வந்துவிட்டார். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவரானார். சமஸ்கிருதம் கற்று, இந்தியக் கணித நூல்களைத் தேடிப் படித்து, ஈருறுப்புத் தேற்றம் இந்நாட்டவருக்கு முன்பே தெரியும் என்று 1790இல் கட்டுரை எழுதினார். வங்காளத்தில் ஒரு பாகையின் நீளத்தை அளக்கும் வேலையிலும் இறங்கினார். 1792இல் பக்சாரில் இறந்தார்.

ஷிஹேலியனின் கேள்வியும் அவர் பின்னாலேயே நம் நாட்டுக்கு வந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவை, பின்னர் எவரெஸ்ட் தலைமையில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியபோது, விண்மீன் அளவும் தரையளவும் சுமார் 5.2 கோண விநாடி முரண்பட்டன. இமயம் தூக்குக்குண்டை இழுக்கிறது என்பது தெளிவு. ஆனால் கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவ்வளவு பெரிய மலை 15 விநாடிக்கும் மேல் இழுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. மூன்று பங்கில் ஒரு பங்கே இழுப்பானேன்? மலைக்கு அடியில், மரத்துக்கு வேர் போல, அடர்த்தி குறைந்த பாறை ஆழமாக இறங்கியிருக்கிறது என்று 1855இல் ஏரி என்ற வானியலர் விடை கூறினார். அது தனிக்கட்டுரைக்குரிய செய்தி.

இன்று ஷிஹேலியன் ஏறுவது எளிது. கிழக்கே பிரேஸ் ஆஃப் ஃபாஸ் என்ற இடத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்கலாம்; சோதனையை நினைவூட்டும் கல்வெட்டு அங்கே உண்டு. மலையின் கிழக்குப் பகுதி 1999 முதல் ஜான் மியூர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அரித்துப்போயிருந்த பழைய தடத்துக்குப் பதிலாக நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். போகவர 10 கி.மீ. உச்சியை நெருங்கும்போது பாதை மறைந்து, வெள்ளைப் படிகக்கற்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. பிளேஃபேர் எடை போட்ட கற்கள் இவைதாம். உச்சி வந்துவிட்டது என்று மூன்று முறையாவது ஏமாந்த பிறகுதான் உண்மையான உச்சி வருமாம். சோதனை நடந்த மேடைகள் உச்சியில் இல்லை. பாதையை விட்டு விலகிச் சரிவுகளில் இருக்கின்றன. தேடுபவர்கள் மிகக் குறைவு.

மாணவியின் கேள்வி நிலுவையில் இருக்கிறது. கவண்டிஷின் 1798ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கடைசிப் பக்கம் வரை படித்தபோது விடை கிடைத்தது. தம் ஆய்வறையில் ஈயக்குண்டுகளைக் கொண்டு அவர் கண்ட விடை 5.48 என்று அக்கட்டுரையில் உள்ளது. கூட்டலில் நேர்ந்த ஒரு சிறு பிழையைத் திருத்தினால் 5.45. அதை எழுதியதும் அவர் ஒப்பிட்டது ஷிஹேலியனின் நான்கரையோடுதான். தாம் எதிர்பார்த்ததைவிட வேறுபாடு அதிகமாக இருக்கிறதே என்று அவர் சற்று மலைத்திருக்கிறார். மலையைத் தேர்ந்தெடுத்த குழுவில் இருந்தவர் அல்லவா! அப்பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போய் வகுப்பில் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுக் கேட்டாள்: "மலையின் விடை முதலிலேயே இருந்தது என்றால், அது ஏன் சார் நம் பாடத்தில் இல்லை?"